இம்பாலா எந்தப் பக்கம் பார்க்கிறது?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் உங்கள் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம். முதுமலையிலும் பந்திப்பூரிலும் வனத்துறை வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஓட்டுநர் கை காட்டும் பக்கம் கழுத்தைத் திருப்பிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த சின்ன கார் போதும். வாசலில் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே நுழைந்துவிட்டால், எந்தச் சாலையில் திரும்புவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது எல்லாம் உங்கள் இஷ்டம். அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் கையும் காலும் புதிதாகப் பழக வேண்டியதில்லை.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது: காட்டித் தர ஆள் இல்லை. பூங்காவின் பரப்பு சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். 1926-ல் தேசியப் பூங்காவாகி, அடுத்த ஆண்டே பொதுமக்களின் கார்களை உள்ளே விட ஆரம்பித்த இடம் இது; மிருகங்கள் பல தலைமுறைகளாகக் கார்களைப் பார்த்துப் பழகியவை. சாலையிலிருந்து பத்தடி தூரத்தில் சிங்கம் படுத்திருக்கும், கார் சத்தத்துக்கு எழுந்துகூடப் போகாது. ஆனாலும் முதல் நாள் காலையில் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு, “மான் கூட்டத்தைத் தவிர ஒன்றுமே இல்லை” என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் ஏராளம். மிருகங்கள் இல்லாமல் இல்லை. அவற்றைக் கடந்து வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

எப்போது போவது என்பதை முதலில் முடித்துவிடலாம். மே முதல் செப்டம்பர் வரை அங்கே குளிர்காலம், மழையில்லாத காலம். இலை உதிர்ந்து புல் தாழ்ந்துவிடும். குட்டைகள் வற்றுவதால் மிருகங்கள் ஆற்றையும் மிச்சமிருக்கும் நீர்நிலைகளையும் தேடி வந்துதான் ஆக வேண்டும். கண்ணுக்கும் வசதி, கணக்குக்கும் வசதி. அக்டோபருக்குப் பிறகு மழை. காடு பச்சைப்பசேலென்று அழகாக இருக்கும், நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் இம்பாலா மான்கள் குட்டி போடும், வலசைப் பறவைகள் வந்திறங்கும். ஆனால் இடுப்பளவு புல்லுக்குள் சிங்கம் படுத்திருந்தால் யாராலும் பார்க்க முடியாது. முதல் முறை போகிறவர்கள் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். விடிகாலைக் குளிருக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். மலேரியா உள்ள பகுதி என்பதால் எந்த மாதமானாலும் கிளம்பும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளில் எந்த நேரம் என்றால் முதல் இரண்டு மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும். தங்கும் முகாம்களைச் சுற்றி வேலி இருக்கும். குறித்த நேரத்தில்தான் கதவு திறக்கும், குறித்த நேரத்தில் மூடிவிடும். டிசம்பரில் முகாமின் கதவு காலை 4.30-க்கே திறந்துவிடுகிறது, ஜூனில் 6 மணிக்கு. பூங்காவுக்கு வெளியே ஓட்டலில் தங்கி, வாசலில் வரிசையில் நின்று உள்ளே வருகிறவர்களுக்குப் பொன்னான முதல் மணி நேரம் அநேகமாகக் கைநழுவிவிடும். அதனால் செலவு கொஞ்சம் கூடினாலும் உள்ளேயே தங்குங்கள் என்பேன். ஸ்குகூசா, லோயர் சாபி, சதாரா ஆகிய மூன்று முகாம்களைச் சுற்றி மிருகங்கள் நிறைய. சதாராவுக்குக் கிழக்கே எரிமலைப் பாறை மண்ணில் சத்தான புல் வளர்கிறது. புல்லுக்காக வரிக்குதிரையும் வில்டபீஸ்ட் மாடும், அவற்றுக்காகச் சிங்கமும் அங்கே இருக்கின்றன. ஸ்குகூசாவிலிருந்து லோயர் சாபிக்கு ஆற்றோரமாகப் போகும் சாலை சிறுத்தைக்குப் பேர்போனது. வடக்கே போகப் போக மோபானி மரக்காடு. மிருகங்கள் குறையும், யானைகளும் பறவைகளும் மட்டும் குறையாது.

இனி ஓட்டும் விதம். தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40 என்பது சட்டம். பார்ப்பதற்கு அந்த வேகமே அதிகம். 20, 25-க்கு மேல் போனால் கண்ணுக்கு ஒரு புதரில் தங்கி நிற்க நேரமில்லை. எல்லாம் பச்சையும் பழுப்புமாக வழிந்து ஓடும். கண்ணாடியை இறக்கிவிடுங்கள், பாட்டை நிறுத்திவிடுங்கள். தலையையோ கையையோ வெளியே நீட்டக் கூடாது. மேல்கூரைக் கண்ணாடியைத் திறந்து எழுந்து நிற்பதும் கூடாது. காரும் அதற்குள் இருப்பவர்களும் ஒரே உருவமாக இருக்கும் வரை மிருகங்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அந்த உருவத்திலிருந்து ஒரு மனிதத் தலை தனியாக முளைத்தால் கதை வேறு. காரை விட்டு இறங்க முகாம்கள், உணவு இடைவேளை இடங்கள், பறவை பார்க்கும் மறைவிடங்கள், மஞ்சள் கோடு போட்ட சில பாலங்கள் என்று இடங்கள் குறித்திருக்கிறார்கள். மற்ற எங்கேயும் கதவைத் திறக்கக் கூடாது, ‘ஒரு நிமிஷம்தானே’ என்றும் கூடாது.

காருக்குள் வேலையைப் பிரித்துக்கொள்வது அவசியம். ஓட்டுபவர் சாலையையும் அதன் ஓரத்தையும் மட்டும் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவர் இடதுபுறம், பின்னால் இருப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம். எதையாவது கண்டதும் “அதோ, அந்த மரத்துக்குப் பின்னாலே” என்று கத்துவதில் பயனில்லை. அங்கே இருப்பதெல்லாம் மரம்தான். காரின் மூக்கைப் 12 மணி என்று வைத்துக்கொண்டு, “2 மணி, இரண்டாவது புதர், நிழலில்” என்று சொன்னால் எல்லோர் கண்ணும் ஒரே இடத்துக்குப் போகும். குழந்தைகள் இதை அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள்தான் கடைசி நாள் வரை “அதோ அதோ” என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எதைத் தேடுவது? நம் மனதில் மிருகம் என்றால் முழு மிருகம். பக்கவாட்டில், நாலு காலும் தெரிய, படத்தில் பார்த்தபடி. காட்டில் அப்படி வந்து நின்று காட்டுவது சிலதுதான். மற்றவை துண்டாகத்தான் தெரியும். ஒரு காது. ஒரு வால். இலைகளுக்கு நடுவே ஈரமாக மின்னும் மூக்கு. மரங்களும் புல்லும் செங்குத்தாக நிற்கும் இடத்தில் கிடையாக ஒரு கோடு ஓடினால் அங்கே நின்று பாருங்கள். அது எருமையின் முதுகாக இருக்கலாம், விழுந்த கட்டையாகவும் இருக்கலாம். கட்டை என்றால் கட்டை, நஷ்டமில்லை. க்ரூகரில் அலைகிற எல்லோரும் தினமும் கல்லைச் சிங்கமாகவும் வேரைச் சிறுத்தையாகவும் பார்க்கிறவர்கள்தான். சந்தேகம் வந்தால், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, நிறுத்திப் பின்னால் எடுத்துப் பாருங்கள். ‘கல்லாகத்தான் இருக்கும்’ என்று விட்டுவிட்டுப் போனால் ராத்திரி தூக்கம் வராது.

புதரின் மேல் பார்வை மோதி நின்றுவிடாமல் அதன் இடைவெளி வழியே பின்னால் இருப்பதைப் பார்க்கப் பழக வேண்டும். முதல் திரை, அதற்குப் பின்னால் இரண்டாவது, அதற்கும் பின்னால் நிழல். அதே சமயம் தொலைவையே துழாவிக்கொண்டு சாலையோரத்தைக் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. அருகில் ஆரம்பித்து உள்ளே போவதுதான் முறை.

சிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் படுத்தே கிடக்கும் பிராணி. உடம்பின் நிறமும் காய்ந்த புல்லின் நிறமும் ஒன்று. ஆனால் காதுகளின் பின்புறத்தில் கறுப்புத் திட்டு இருக்கிறது, வால் நுனியில் கறுப்புக் குஞ்சம் இருக்கிறது. ஈ மொய்க்கும்போது காது துடிக்கும், வால் ஒரு முறை எழுந்து விழும். ஜூலை மாதத்துப் புல்வெளியில், தரையோடு தரையாக இரண்டு கறுப்புப் புள்ளிகள் சேர்ந்தாற்போல் அசைந்தால் அங்கே ஒரு பெண் சிங்கம் உங்களுக்கு முதுகு காட்டிப் படுத்திருக்கிறது. ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் உடனே கிளம்பிவிடாதீர்கள். கண் அந்த நிறத்துக்குப் பழகியதும் பக்கத்தில் இன்னொன்று தெரியும், அதற்கப்பால் மூன்றாவது. காலியாக இருந்த அதே புல்தரையிலிருந்து ஒவ்வொன்றாக முளைக்கும்.

சிறுத்தைக்கு மரத்தைப் பார்க்க வேண்டும், ஆனால் எல்லா மரத்தையும் அல்ல. தரைக்குக் கிடையாகப் போகும் தடித்த கிளை வேண்டும். மருலா, ஜாக்கல்பெரி, நீளமான காய்கள் தொங்கும் சாசேஜ் மரம் ஆகியவற்றில் அப்படிக் கிளைகள் உண்டு. உடம்பின் புள்ளிகள் இலைநிழலில் கரைந்துவிடும். காட்டிக்கொடுப்பது கிளைக்குக் கீழே தொங்கும் கால்களும் நேராக இறங்கி நுனியில் மட்டும் லேசாக மேலே வளைந்த வாலும்தான். கவட்டையில் ஒரு மானின் கால்கள் தொங்கினால் இன்னும் நல்லது. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் எட்டாமல் சிறுத்தை தன் இரையை மேலே ஏற்றி வைத்திருக்கிறது. ஆள் இப்போது இல்லாவிட்டாலும் சாயங்காலம் வந்து பார்க்கலாம். சிவிங்கிப்புலி வேறு ரகம். அது திறந்த வெளியில், கறையான் புற்றின் மேல் ஏறி உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். அதனால் புல்வெளியில் தெரியும் ஒவ்வொரு புற்றின் உச்சியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பாறைக்குன்றுகளையும் அப்படியே. சாலைக்கு அடியில் மழைநீர் போகக் குழாய் பதித்த சிறுபாலங்களை மறக்கவே கூடாது. அந்தக் குழாய்களில்தான் கழுதைப்புலி குட்டி போட்டு வளர்க்கிறது. விடிகாலையில் பாலத்துக்கு மேலே தார்ச்சாலையில் கறுப்பு நிறக் குட்டிகள் விளையாடிக்கொண்டிருக்கும். பார்த்தால் இத்தனை அழகான பிராணிக்கா இத்தனை கெட்ட பெயர் என்று தோன்றும்.

இவ்வளவும் கண்ணால் தேடுவது. ஆனால் பழகியவர்கள் மிருகத்தைத் தேடுவதைவிட, மற்ற மிருகங்கள் எதைப் பார்க்கின்றன என்பதைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். உங்கள் இரண்டு கண்களைவிட, உயிருக்குப் பயந்து இருபத்து நாலு மணி நேரமும் விழித்திருக்கும் ஆயிரம் கண்கள் நம்பகமானவை. இந்த வேலையில் இம்பாலாவை மிஞ்ச ஆளில்லை. பூங்காவில் லட்சத்துக்கும் மேல் இருப்பதால் முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு யாரும் அதற்காகக் காரை நிறுத்துவதில்லை. நிறுத்த வேண்டும்.

நிம்மதியாக இருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். ஒன்று மேயும், ஒன்று சொறிந்துகொள்ளும், ஒன்று வடக்கே பார்க்கும், மற்றது தெற்கே. வால்கள் ஆடிக்கொண்டே இருக்கும். அங்கே ஒன்றுமில்லை, போகலாம். இன்னொரு கூட்டம். எல்லாத் தலைகளும் நிமிர்ந்திருக்கின்றன. மேய்ச்சல் நின்றுவிட்டது. எல்லாக் காதுகளும் ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றன, அது உங்கள் கார் இருக்கும் பக்கமல்ல. திடீரென்று ஒன்று மூக்கால் பலமாகச் சீறுகிறது; இன்னொன்று இரண்டு எட்டு முன்னால் வைத்து மறுபடி சீறுகிறது. இந்த இடத்தில் காரை நிறுத்தி இயந்திரத்தை அணைத்துவிடுங்கள்.

பயந்தால் ஓட வேண்டியதுதானே, ஏன் நின்று பார்க்கின்றன என்று கேட்கத் தோன்றும். சிறுத்தையும் சிங்கமும் மறைந்திருந்து பாய்பவை. எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் பாதி ஆபத்து நீங்கியது. அவனைக் கண்ணிலிருந்து விடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. “உன்னைப் பார்த்துவிட்டோம்” என்று சத்தமாகச் சொல்வதால், பதுங்கி வந்தவன் வேட்டையைக் கைவிட்டுப் போய்விடவும் கூடும். நமக்கு அது லாபம். கூட்டத்தின் ஒரு கோடியில் நிற்கும் மானின் மூக்கு காட்டும் திசையில் ஒரு கோடு, மறு கோடியில் நிற்பதன் மூக்கிலிருந்து ஒரு கோடு என்று மனதுக்குள் இழுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்துப் புதரில் பைனாகுலரை வைத்துக் காத்திருங்கள். ஒரு எச்சரிக்கை: ஏப்ரல், மே மாதங்கள் இம்பாலாவின் இணைசேரும் காலம். கிடாக்கள் தொண்டையைக் கட்டிக்கொண்டு உறுமுவதைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் சிங்கம் என்றே நினைத்துவிடுவார்கள்.

ஒட்டகச்சிவிங்கியும் நல்ல காவலாளி. அந்த உயரத்திலிருந்து நம் பார்வைக்கு எட்டாத பள்ளமெல்லாம் அதற்குத் தெரியும். இலை தின்பதை நிறுத்திவிட்டு ஒரே இடத்தை வெகுநேரம் முறைத்தால் பெரும்பாலும் சிங்கம். குடூ மான் குரைக்கும். ஆற்றோரத்தில் புஷ்பக் மானும் அப்படித்தான், அந்தக் குரைப்புக்குச் சிறுத்தை காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். குரங்குகள் இன்னும் ஒரு படி மேலே. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளை ஆராய்ந்த ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும், சிறுத்தைக்கு ஒரு கூப்பாடு, கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என்று அவை தனித்தனியே குரல் கொடுப்பதை 1980-ல் வெளியிட்டார்கள். சிறுத்தைக் குரல் கேட்டால் மற்றவை மரத்தில் ஏறும். கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்துவிட்டுப் புதருக்குள் ஓடும். பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் எழுந்து நின்று தரையைத் தேடும். குரல்களைப் பிரித்தறிய நமக்குக் காது பழகாவிட்டாலும், குரங்குகள் மேலே பார்க்கின்றனவா, கீழே பார்க்கின்றனவா, மரத்தில் ஏறிக்கொண்டு தூரத்தில் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்துகின்றனவா என்பது யாருக்கும் தெரியும். மூன்றாவது என்றால் காத்திருங்கள்.

பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. வானத்தில் வட்டமிட்டால் கீழே பிணம் இருக்கிறது என்பார்கள். வெயில் ஏறி நிலம் சூடானதும் எழும் வெப்பக்காற்றில் ஏறி உயரம் பிடிக்கத்தான் அவை பெரும்பாலும் வட்டமடிக்கின்றன. கவனிக்க வேண்டியது, இறக்கையைச் சுருக்கிக் காலைத் தொங்கவிட்டு, பல திசைகளிலிருந்து ஒரே இடத்தில் இறங்குவதை. அங்கே இரை இருக்கிறது. இறங்காமல் சுற்றியுள்ள மரங்களில் வரிசையாக உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தால் அதைவிட நல்ல செய்தி: இரையின் மேல் சிங்கம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, இவை தங்கள் முறைக்குக் காத்திருக்கின்றன. ஆனால் சூரியன் எழும் நேரத்தில் மரத்தில் கழுகுகள் இருந்தால் அதற்குப் பொருள் ஒன்றுமில்லை, அவை இரவு தூங்கிய மரம் அது. இந்தப் பறவைகள் இப்படித் துல்லியமாகக் காட்டிக்கொடுப்பதே அவற்றுக்கு எமனாகவும் வந்திருக்கிறது. கள்ள வேட்டைக்காரர்கள் தாங்கள் கொன்ற யானையின் இடம் வனக்காவலர்களுக்குத் தெரியக் கூடாதென்று பிணத்தில் விஷம் வைக்கிறார்கள். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் கழுகுகள் செத்து விழுந்த சம்பவங்கள் தென் ஆப்பிரிக்கப் பகுதியில் நடந்திருக்கின்றன. க்ரூகரில் அதிகம் காணப்படும் வெண்முதுகுக் கழுகு இன்று அழிவின் விளிம்பில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது.

மண் சாலையே ஒரு நாளிதழ். சிங்கங்களும் சிறுத்தைகளும் இரவில் பனியில் நனைந்த புல்லைத் தவிர்த்துச் சாலையிலேயே நடக்கும். முதல் ஆளாக நீங்கள் போனால் தடம் காரிலிருந்தே தெரியும். நகக்குறி இல்லாத வட்டமான தடம் என்றால் பூனைக் குடும்பம்; நகம் பதிந்திருந்தால் கழுதைப்புலி, நாய் இனம், அல்லது நகத்தை முழுதாக உள்ளே இழுக்க முடியாத சிவிங்கிப்புலி. நேற்றைய கார்களின் டயர் தடத்துக்கு மேல் பாதம் பதிந்திருந்தால் இரவில் வந்தது. பாதத்துக்கு மேல் டயர் ஏறியிருந்தால் பழசு. யானை போன வழி சொல்லாமலே தெரியும்: ஒடித்துப் போட்ட கிளை, அதில் வாடாத இலை, ஆவி பறக்கும் சாணி. ஆற்றோரச் சாலையில் திடீரென்று சோளப்பொரி வாசனை அடித்தால் யாரும் சமைக்கவில்லை. சிறுத்தை எல்லை குறித்துவிட்டுப் போன மூத்திரத்துக்கு அந்த மணம் உண்டு. இரவில் முகாமில் படுத்திருக்கும்போது சிங்கம் கர்ஜித்தால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில கிலோமீட்டர் தள்ளியிருந்தும் கேட்கும். கதவு திறந்ததும் அந்தப் பக்கம் போகும் சாலையை எடுங்கள்.

வெயில் ஏறிய பிறகு ஓட்டுவதில் பெரிதாகப் பலன் இல்லை. அப்போது நீர்நிலைக்குப் போய் நிற்க வேண்டும். லோயர் சாபிக்கு வெளியே சன்செட் டேம் என்றொரு ஏரி, சாலைக்கு ஒட்டியே தண்ணீர். பலர் நிறுத்தி, நீர்யானை ஒன்று, முதலை இரண்டு என்று எண்ணிவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வரிக்குதிரைக் கூட்டம் தூரத்தில் நின்று கால் மணி நேரம் தயங்கும். முன்னால் வந்தது பின்வாங்கும். ஒன்று துணிந்து குனிந்தால் எல்லாம் ஓடி வந்து குனியும். மிருகத்தைத் தேடிப் போகாமல் அது வரும் இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய ரகசியம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை முழுசாகப் பரீட்சித்துப் பார்க்க நமீபியாவின் எட்டோஷாவுக்குப் போக வேண்டும். அங்கே சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் அளவுக்கு உப்புப் படிந்த வெற்றுத்தரை. அதன் ஓரத்தில் சில ஊற்றுகளும் குட்டைகளும். வறண்ட மாதங்களில் வேறு வழியில்லாமல் எல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும். ஒகாகுவேயோ முகாமின் வேலிக்கு அப்பால் விளக்கு வைத்த குட்டை இருக்கிறது. இரவு உணவை முடித்துவிட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தால், கறுப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிக்க வரும்.

மற்ற கார்களைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். சாலையில் நாலு கார் நின்றால் ஏதோ இருக்கிறது. மெதுவாகப் போய், யாருடைய பார்வையையும் மறைக்காமல் நின்று, கண்ணாடியை இறக்கி “என்ன தெரிகிறது?” என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் சொல்வார்கள். நீங்களும் உங்களிடம் இருக்கும் செய்தியைச் சொல்ல வேண்டும், அது அங்கே எழுதாத மரியாதை. முகாம்களின் வரவேற்பறையில் ஒரு வரைபடப் பலகை உண்டு. அன்று எது எங்கே தெரிந்தது என்று வந்தவர்களே நிறக் குறிகளை ஒட்டி வைப்பார்கள். கொம்புக்காக வேட்டையாடப்படுவதால் காண்டாமிருகத்தின் இடத்தை மட்டும் குறிப்பதில்லை. நீங்கள் எடுத்த படத்தை இடக்குறிப்போடு ஊருக்கு அனுப்பவும் வேண்டாம். இப்போது செல்போன் செயலிகளும் வந்துவிட்டன. சிங்கம் என்று செய்தி வந்த ஐந்தாவது நிமிடம் நாலா பக்கமிருந்தும் கார்கள் பறந்து வருகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. 30 கிலோமீட்டர் ஓடிப்போய், இருபது கார்களுக்குப் பின்னால் நின்று, ஒரு வாலைப் பார்ப்பதற்குள் வழியில் இருந்த எத்தனையோ விட்டுப்போகின்றன. சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற ‘பெரிய ஐந்து’ பட்டியலே நடந்து போய் வேட்டையாடுவதில் ஆபத்தானவை எவை என்று அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் போட்ட கணக்கு. பார்ப்பதற்கு வந்தவர்கள் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

யானை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். நம் ஊர் யானையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டு வித்தியாசங்கள் குழப்பம் தரும். ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. கன்னப்பொறியில் நீர் வழிவதும் இரு பாலுக்கும் உண்டு, பரபரப்பிலேயே வழியும். ஆகவே கன்னம் நனைந்திருப்பதை மட்டும் வைத்து மதம் என்று சொல்லிவிட முடியாது. கன்னத்தோடு பின்னங்கால்களின் உட்புறமும் மூத்திரம் சொட்டி நனைந்திருந்து, தலையை உயர்த்தி ஒற்றையாக நடந்து வரும் ஆண் யானை என்றால் அது மதத்தில் இருக்கிறது. வெகு தூரத்திலேயே பின்வாங்கி வழி விடுங்கள். கூட்டம் சாலையைக் கடக்கும்போது முதல் யானை போனதும் கிளம்பக் கூடாது, குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் கார் மாட்டிக்கொள்ளும். காதை விரித்துத் தலையை உதறினால் ‘தள்ளிப் போ’ என்கிறது. எப்போதும் பின்னால் போக இடம் வைத்துக்கொண்டே நில்லுங்கள்; முன்னும் பின்னும் கார்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் யானை வந்தால் எல்லோரும் மாட்டிக்கொள்வீர்கள்.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று வேண்டும், குடும்பத்துக்கு ஒன்று போதாது. 8x42 என்று எழுதியிருப்பது நல்லது: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்பதால் மங்கல் வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். தண்ணீரும் தின்பண்டமும் காரிலேயே இருக்கட்டும். பபூன் குரங்குகள் அருகில் இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடுங்கள். இருட்டிய பிறகு தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை. இரவு மிருகங்களைப் பார்க்கப் பூங்காவின் வண்டியே முகாமிலிருந்து போகிறது, ஒரு நாளாவது அதில் போய் வரலாம்.

சாயங்காலம் திரும்பும் நேரத்தைக் கணக்குப் போடும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாம் 50 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் அரை மணி, யானைக்காக. ஜூனில் மாலை 5.30-க்கே கதவு மூடிவிடும். நேரம் போய்விட்டதென்று கடைசிப் பத்து கிலோமீட்டரை விரட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அந்தப் பொழுதில் சாலையில் வந்து உட்காரும் சிறுத்தையைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். தாமதமாக வந்தால் அபராதம். யானைக் கூட்டம் மறித்துவிட்டது என்று சொல்லிப் பார்க்கலாம்; வாசலில் நிற்பவர் அந்தக் கதையைத் தினமும் கேட்பவர்.